கொழுப்பு மாத்திரையும் கோஷ்டி வரிசையும்

என் கணவருக்கு எழுபத்து மூன்று வயது. ரத்தத்தில் கொழுப்பு, அதற்கு ராத்திரி ஒரு மாத்திரை. ஸ்ரீரங்கத்தில் பிறந்து நெய் சொட்டும் அக்காரவடிசிலில் வளர்ந்த உடம்பில் கொழுப்பு இல்லாவிட்டால்தான் டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. இருந்தாலும் மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

கோவிலில் அவர் பாசுர கோஷ்டியில் நிற்பவர். எதிரெதிரே இரண்டு வரிசை. ஒரு வரிசை ஒரு அடி சொன்னால் மற்றது அடுத்த அடியைச் சொல்லும். புத்தகம் கிடையாது. யாருக்காவது அடி விட்டுப்போனால் பக்கத்தில் நிற்பவர் குரலை உயர்த்திவிடுவார். விட்டது யார் என்று பெருமாளுக்கு மட்டும்தான் தெரியும். ஆடி மாதத்தில் ஒரு நாள், பக்கத்துக்காரர் இவருக்காகக் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்தவர் காபியைத் தொடவில்லை. "சின்ன வயசுலேர்ந்து சொல்றதுடி. வாயைத் திறந்தா காத்துதான் வந்தது" என்றார். கோஷ்டியை விட்டுவிட்டால் இந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அதே கோஷ்டியில் ஒரு மாமா. வாட்ஸ்அப்பில் வைத்தியம் படித்தவர். "மூளையே கொழுப்புதான் ஓய். அதை மாத்திரை போட்டுக் கரைச்சுட்டா, சட்டியிலே என்ன இருக்கும் அகப்பையிலே வர?" என்று இவருக்கு விளக்கியிருக்கிறார்.

கொஞ்ச நாள் கழித்து, நாமக்கட்டி வைக்கும் திருமண் பெட்டியைத் துடைக்க எடுத்தேன். உள்ளே குவியலாக மாத்திரைகள். மறந்துபோய்ப் போடாமல் இருந்தார் என்றால் மன்னிக்கலாம். தினமும் மறக்காமல் ஒளித்து வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவரை உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன். அடிக்கடி அடுப்படிக்கு வந்து நிற்பார். "ஏன்னா, என்ன வேணும்?" என்றால் "சும்மா" என்பார். எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகிறது என்று முடிவு செய்தேன். வீட்டில் ஒருத்தருக்காவது ஞாபகம் சரியாக இருக்க வேண்டும், அது நானாக இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆட்டோ வைத்து தில்லைநகர் டாக்டரிடம் அழைத்துப் போனேன். எங்கள் பெண் வயதுதான் அந்த டாக்டருக்கு. திருமண் பெட்டி விவகாரத்தைச் சிரிக்காமல் கேட்டாள்.

"மூளைக்கு வேணுங்கற கொழுப்ப மூளையே செஞ்சுக்கும் ஐயா. ரத்தத்துல ஏறுறது வேற. அது குழாயை அடைக்கும், மூளைக்குப் போற குழாயையும்தான். ஞாபகத்துக்கு ஆபத்து அங்கதான் இருக்கு. மாத்திரையால மறதி வருதுன்னு தோணுச்சுன்னா என்கிட்ட சொல்லுங்க, மாத்திப் பாக்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க."

பிறகு ஒரு சின்னப் பரீட்சை. மூன்று வார்த்தை சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டாள்.

"ஆவணி, சுக்ல பட்சம், துவாதசி, திருவோணம்."

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சரியாத்தான் சொல்றார். நம்பர்தான் உங்க காலண்டர்லயே இருக்கே" என்றேன். பாஸ் போட்டாள். இன்னும் ஏதேதோ கேட்டுவிட்டு, "அந்த மூணு வார்த்தை? முதல்ல அம்மா சொல்லட்டும்" என்று விளையாட்டாக என் பக்கம் திரும்பினாள்.

வாயைத் திறந்தேன். மாம்பழம் வந்தது. அதற்குப் பிறகு காற்றுதான் வந்தது.

"மாம்பழம், ரயில், குடை!" என்றார் இவர், வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

"உங்கள கேக்கல ஐயா" என்று டாக்டர் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் எதற்கு உயரும் என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் அவர் வந்து நின்றுவிட்டுப் போன பிறகு, நான் அணைக்காத கேஸ் அணைந்திருந்ததும் அப்போதுதான் உறைத்தது. பயந்துதான் போனேன்.

"எனக்கு வரலைம்மா. மாம்பழம் மட்டும்தான் வந்தது" என்று டாக்டரிடம் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று சொல்லி, எனக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாள். கொழுப்பும் அதில் உண்டு.

ஆட்டோ காவேரிப் பாலத்தில் ஏறும்போது கேட்டேன்.

"ஏன்னா, எத்தனை நாளா இப்படி?"

"கோஷ்டியிலே அதெல்லாம் எண்ண மாட்டா."

அன்று ராத்திரி என் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினார். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சற்று நேரம் நின்றார். என்ன வேணும் என்று நான் கேட்கவில்லை.