நான் மாற்றிப் படித்த படம்

படங்கள் பேசாத காலத்தில் அவற்றுக்காகப் பேசியவன் நான். இப்படி ஆரம்பித்தால் பெருமை அடித்துக்கொள்கிறான் என்று தோன்றும். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வார நாட்களில் எனக்குத் தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் நகல் எழுதும் வேலை. காலையில் சிம்மக்கல் வீட்டிலிருந்து கிளம்பி, ஆற்றில் தண்ணீர் இல்லாத நாளானால் மணலில் இறங்கிக் குறுக்கே நடந்து போவேன். அடுத்தவர் எழுதியதை ஒரு புள்ளி மாறாமல் பார்த்து எழுத வேண்டும். ஒரு சொல் விட்டுப்போனாலும் மேலதிகாரி தாளைக் கிழித்து மேசையில் போடுவார். பத்து வருஷத்தில் என் தாளை அவர் இரண்டு தடவைதான் கிழித்திருக்கிறார். அம்புட்டு ஒழுங்கு நான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆற்றங்கரைத் தகரக் கொட்டகையில் வேறு ஆளாகிவிடுவேன். திரையில் ஆட்கள் வாயசைப்பார்கள். பிறகு அவர்கள் பேசியது எழுத்தாக வரும், நாலு பாஷையில், தமிழ் மூன்றாவது வரிசையில். தரையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. திரைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியின் மேல் நின்று அதை உரக்கப் படித்துச் சொல்வதுதான் என் வேலை. என் வாயில் வருவதுதான் அவர்களுக்குக் கதை. கடைத்தெருவில் போனால், "படம் படிக்கிறவர் போறாரு" என்பார்கள். அது காதில் விழவேண்டும் என்பதற்காகவே சுற்றுவழியில் வீட்டுக்குப் போயிருக்கிறேன். வெட்கம் கெட்டவன்.

எங்கள் வீட்டில் நான், என் மனைவி, எங்கள் சின்னப் பெண், என் தங்கை. தங்கைக்குப் பதின்மூன்றில் கல்யாணம், பதினாறில் எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவள். கையில் கிடைத்த எதையும் படிப்பாள், பலசரக்குக் கடையிலிருந்து பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட.

அவளுக்காகத்தான் அந்த நாவலை ஆபீஸ் நண்பன் ஒருவனிடம் வாங்கி வந்தேன். வடக்கே எங்கோ ஒருவர் எழுதி, தமிழில் வந்திருந்த காதல் கதை. ஓடக்காரர் வீட்டுப் பெண், சின்ன வயதில் கணவனைப் பறிகொடுத்தவள். நிலம் அளக்க வந்த ஒருவனுக்கும் அவளுக்கும் பிரியம் வருகிறது. ஊர் எதிர்க்கிறது. கடைசியில் வெள்ளம் போகும் ஆற்றில் தானே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் அவனைச் சேர்கிறாள். அப்போது அவள் சொல்லும் ஒரு வரி: "என்னைத் தள்ளிவைத்த கரைக்கு நான் திரும்ப மாட்டேன்." புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்த்தேன். அந்த வரிக்கு ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் இருந்தது. என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. நான் கீறவில்லை.

நண்பனும் அந்தக் கீறலைப் பார்த்திருக்கிறான். அவன் மனைவி பிரசவத்தில் இறந்து மூன்று வருஷம். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் "மாப்ள" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், மதுரையில் யாரும் யாரையும் கூப்பிடுவதுபோல. ஒருநாள் மணலில் நடந்து வரும்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பிப் பார்த்தேன். "ஒந்தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுப்பியா?" என்றான். "பெரியப்பாவைக் கேக்கணும்" என்றேன் கரை ஏறியபின்.

பெரியப்பா என்பது என் அப்பாவின் அண்ணன். அப்பா போனபின் எங்களை வளர்த்தவர், ஜவுளிக் கடைக்காரர். எங்கள் சாதியில் அவர் வராத விசேஷத்துக்கு வேறு யாரும் வரமாட்டார்கள். எங்களில் தாலி அறுத்தவளுக்கு மறுதாலி கிடையாது. அதை அவரிடம் போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை.

அந்த நாவல் படமாகி எங்கள் கொட்டகைக்கு வரப்போகிறது என்று தெரிந்தபோது வழி கண்டுபிடித்தது தங்கைதான்; நண்பன் கேட்டதை என் மனைவி அவளிடம் முன்பே சொல்லியிருந்தாள். என் மனைவியிடம் சொல்லிவிட்டு, அப்புறம் என்னிடமே வந்தாள். அவள் என்னிடம் எதையும் கேட்டு வந்தவள் இல்லை.

"பெரியப்பா ஒரு படம் விடாமப் பாக்குறவரு. இதையும் பாக்கட்டும்ண்ணே. நீங்க படிச்சா கல்லும் கரையும்னு ஊரே சொல்லுது. படம் முடிஞ்சு அவரு மொகம் எப்புடி இருக்குன்னு பாத்துட்டு, மறுநா பேசுங்க."

"நீ சம்மதந்தானா?" என்று கேட்டேன்.

"சம்மதம் இல்லாமயா படிக்கச் சொல்றேன்" என்றாள்.

நான் வாக்குக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க, ஆபீசுக்குப் போகும்போது மணலில் அந்தக் கடைசி வரியைப் பல மாதிரி சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. சிம்மக்கல் சந்தைக்குச் சரக்கு கொண்டுவந்த அலங்காநல்லூர்ப் பக்கத்து வெள்ளாமைக்காரச் சம்சாரிகள் தரை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெஞ்சியில் என் நண்பன். அதற்குப் பின்னால் நாற்காலியில் பெரியப்பா, இரண்டு பக்கமும் அவர் வயதுக்காரர்கள் இரண்டு பேர். பெண்கள் பகுதி திரைக்குப் பக்கத்தில், தட்டி கட்டி மறைத்தது. நான் நிற்கும் பெட்டியிலிருந்து பார்த்தால் தெரியும். தங்கை கொட்டகைக்கு வருவது பெரியப்பாவுக்குத் தெரியாது. கொட்டகையில் விளக்கை அணைத்தபிறகு என் மனைவி அவளைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

முதல் பாதியை அன்றைக்குப் படித்த மாதிரி நான் என்றைக்கும் படித்ததில்லை. படத்துப் பெண், பூக்காரி தரும் பூவை வாங்காமல் ஒதுங்கும் இடத்தில் தரையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. நிலம் அளப்பவன் அந்தப் பூவை ஓடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தலையில் வைத்துப் பார்க்கிறாள். அதோடு சுருள் மாற்ற விளக்கைப் போட்டார்கள்.

பெரியப்பா கையசைத்துக் கூப்பிட்டார். போனேன். நண்பன் உட்கார்ந்திருந்த பெஞ்சியைத் தாண்டித்தான் போகவேண்டும். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னடா படம் இது" என்றார் பெரியப்பா. குரலை உயர்த்தவில்லை. "அறுத்தவ பூ வெச்சுப் பாக்குறா, நீ அதுக்கு உருகுற. நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, மறந்துறாத." பக்கத்தில் இருந்த இருவரும் என்னையே பார்த்தார்கள். "நாலு பேரு நடுவுல என்னைத் தலைகுனிய வெச்சுறாதடா."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அடிக்கவில்லை, வீட்டைவிட்டுப் போ என்று சொல்லவில்லை. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. பெரியப்பா என்னைப் பார்த்து முகம் சுளித்தது எனக்குப் பொறுக்கவில்லை. என்னை மெச்சுகிற ஆள் மெச்சாமல் போய்விடுவாரோ என்ற பயம். தங்கையின் வாழ்க்கையை நான் விற்றது இந்த அற்பத்துக்குத்தான்.

விளக்கு அணைந்தது. பெட்டி மேல் ஏறினேன். அடுத்த எழுத்து வந்தபோது என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "இவன் முகம் இறந்துபோன என் கணவரின் முகஜாடை. இவனைப் பார்க்கும்போது அவர் நினைவு வருகிறதே." படத்துக்கு வாசிக்கும் ஆர்மோனியக்காரர் தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு சோகமாக வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பொய் சொன்னபின் மற்றவை தாமாக வந்தன. அவன் அவளிடம் கையை நீட்டிக் கேட்கும் இடத்தில், அவன் அவளைப் பதிவிரதை என்று கும்பிடுவதாகச் சொன்னேன். நாற்காலிப் பக்கம் யாரோ "சபாஷ்" என்றார்கள். அங்கே இருந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியும். திரையில் இருப்பது வேறு என்று பார்த்துக்கொண்டேதான் அவர்கள் தலையாட்டினார்கள். பெரியப்பாவுக்கும் தெரியும்.

கடைசிச் சுருள். அவள் ஓடத்தில் ஏறுகிறாள். துடுப்பைக் கையில் எடுக்கிறாள். வாயசைக்கிறாள். எழுத்து வந்தது, திரை வெளிச்சமாயிற்று, அந்த வெளிச்சம் பெண்கள் பகுதியில் விழுந்தது. வெள்ளைச் சேலையில் தங்கை முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. மூன்றாவது வரிசையை ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் உரக்கச் சொன்னேன். "நாதா, நீங்கள் போன இடத்துக்கே நானும் வருகிறேன். இந்த ஆறே எனக்குக் கதி."

அவள் உதடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. ஓடம் அக்கரையைத் தொட்டது, அவன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். அதையும் மறைத்தாக வேண்டுமே. "இதோ பாருங்கள், தேவலோகம்" என்றேன். "அவள் கணவனே வந்து அவளை அழைத்துக்கொள்கிறான்." கணவன் படத்தில் எங்குமே வராதவன் என்பதால் என்னைக் கேட்க ஆளில்லை என்று நினைத்தேன்.

ஆள் இருந்தது. கூட்டம் கலையும்போது தரையில் இருந்த சம்சாரி ஒருவர், தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஏண்ணே, தேவலோகம்னு சொன்னீகளே. அந்த ஆளு தோள்ல நெலம் அளக்குற சங்கிலி தொங்குச்சே. அங்கிட்டுமா நெலம் அளக்குறாக?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா அந்தப் புள்ள சாகப் போற மாரி தெரியலண்ணே, சந்தோசமாத்தேன் போச்சு. எங்க பக்கம்னா அறுத்தவளுக்கு மறுதாலி கட்டிவிட்டுருப்பாக. அம்புட்டு நல்ல பய கெடச்சும் அதை ஏன் சாகச் சொன்னீக?" என்று கேட்டுவிட்டு, வண்டி கட்ட நேரமாயிற்று என்று போய்விட்டார். தரை முழுக்க அவர் ஆட்கள்தான். அவர்கள் யாருக்கும் அந்தப் படத்தில் தப்பு தெரிந்திருக்காது. நான் பயந்தது மூன்று நாற்காலிக்கு.

வீட்டுக்கு வந்தபோது எனக்கு முன்னாலேயே பெரியப்பா வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். தங்கை உள்வாசலில் நின்றாள்.

"ஒங்கண்ணன் இன்னிக்குச் சொன்ன கதைய நீ கேட்டுருக்கணும் தாயி" என்றார் அவளிடம். "புருஷன் போன பெறகும் அவன் நெனப்பாவே இருந்து, கடேசில தேவலோகத்துல போயிச் சேந்துட்டா. குடும்பப் பொம்பளைங்க பாக்க வேண்டிய படம். அடுத்த வாரம் நம்ம வீட்டுப் பொம்பளைங்களை எல்லாம் நானே கூட்டிட்டு வாரேன். நீயும் வா."

"சரி பெரியப்பா" என்றாள் தங்கை. அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். எனக்கும் வைத்தாள்.

மறுநாள் ஆபீசில் நண்பன் என் மேசைக்கு வந்தான். "நேத்து படத்துக்கு வந்திருந்தேன்" என்றான். "பதில் கேட்டுக்கிட்டேன்." அந்த மாதமே திண்டுக்கல்லுக்கு மாற்றல் எழுதிக் கொடுத்துவிட்டான். அவனுடைய விண்ணப்பத்துக்கு நகல் எடுத்ததும் நான்தான், ஒரு புள்ளி மாறாமல்.

பயத்தில் ஒரு தரம் வாய் தவறியது என்றால் யாராவது மன்னிக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு எனக்கு இன்னொரு தரம் கிடைத்தது. சரியாகப் படித்திருக்கலாம். எங்கள் சொந்தத்துப் பெண்கள் எல்லாரும் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை இந்தத் தடவை பெரியப்பாவின் அனுமதியோடு அதே முன்வரிசையில். அந்த வாரம் முழுக்க மணலில் நடக்கும்போது, சரியாகப் படித்துவிடுவேன் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். எழுத்து வந்தது. போன வாரம் சொன்னதையே சொன்னேன், போன வாரத்தைவிட நன்றாக. சங்கிலிக்கும் ஒரு காரணம் கட்டிவைத்திருந்தேன். தங்கை அன்றைக்குத் திரையைப் பார்க்கவில்லை. கடைசிவரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் மூன்று ஞாயிறு ஓடியது. பிறகு படங்கள் தாமே பேச ஆரம்பித்தன, கொட்டகையில் என் பெட்டியை எடுத்துவிட்டு அங்கே ஒலிபெருக்கியை வைத்தார்கள். தெருவில் என்னைக் காட்டிப் பேசுவதும் நின்றது. தங்கை என் பெண்ணை வளர்த்தாள், பின்னால் பிறந்த இரண்டு பையன்களையும் வளர்த்தாள். என்னிடம் மரியாதை குறையவில்லை. அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. பேச வேண்டியவன் நான்தான்.

பெரியப்பா காலமானபிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் மனைவியையும் அவளையும் பேசும் படத்துக்குக் கூட்டிப்போனேன். அப்போது அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது, முன்நெற்றியில் நரை. நாங்கள் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் ஒரு பெண் தன் அப்பாவிடம் எதிர்த்துப் பேசினாள். எல்லாம் அவள் குரலிலேயே, தெளிவாகக் கேட்டது. தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் லேசாகச் சாய்ந்தாள்.

"இதுல நீங்க நடுவுல பேச முடியாதில்லண்ணே?" என்றாள்.

முடியாது என்றேன்.