நின்ற காரில் ஏறிய எண்

கேட்பவர்கள் சிரிப்பார்களோ என்று இதை எழுத வருசக்கணக்காகத் தயங்கினேன்.

எங்களுக்குப் பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஆமத்தூர். எங்கள் காரின் பெட்ரோல் குழாயில் சென்சார் பொருத்தி, செலவாகும் பெட்ரோலைக் காட்டுவதற்கு மைக்ரோகன்ட்ரோலர் சில்லு வைத்த மீட்டர் ஒன்றை என் மச்சினன் தானே செய்து மாட்டியிருந்தான். ஒரு தீபாவளி சீசனில், வாசலில் இன்ஜினை அணைத்த பிறகும் மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. வயரை மாற்றினான், சென்சாரைத் துடைத்தான், நிற்கவில்லை.

"ஏலே, உன் மீட்டருக்கு என்னமோ பிடிச்சிருக்குலே. சூடம் சுத்திப் போடுவோம்" என்றாள் என் மனைவி.

பின்சீட்டு நிறையப் பட்டாசுப் பெட்டிகள். முருகனை நினைத்துக் காருக்கு முன்னால் சூடத்தை வைத்து, தீக்குச்சியை உரசப் போனேன்.

"அத்தான், பொருத்தாதீக! மீட்டர் சரியாத்தான் காட்டுது. பெட்ரோல்தான் எங்கனயோ ஓடுது!" என்று மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

குனிந்து பார்த்தோம். சென்சாரைத் தாண்டிக் குழாய் விரிசல் விட்டு, பெட்ரோல் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டாசு மருந்து வாடையிலேயே பழகிய எங்கள் மூக்குக்கு அது எட்டவே இல்லை.

இன்றும் கண்ணை மூடினால் அந்த எண் ஏறுகிறது. இப்போதெல்லாம் காருக்கு அடியில் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவதோடு சரி. சூடத்தைக் கோயிலில்தான் ஏற்றுகிறேன். இதைப் படித்தவர்கள் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.