சப்பாத்தும் தெரியவேணும், கூரையும் தெரியவேணும்

குணம் அண்ணையின் மகள் தொலைபேசி எடுத்தபோது நான் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். "அன்ரி, அப்பா காலமை எழும்பேல்லை" என்றாள். விளங்கவே எனக்கு நேரமெடுத்தது. பிறகு அழுகை வந்தது. அழுகைக்கு நடுவிலேயே, என்ன செய்வது, சிரிப்பும் வந்தது. அந்த மனிதரை நினைத்தால் யாருக்குத்தான் வராது?

சுவிஸில், இன்டர்லாக்கனுக்குப் பக்கத்து எங்கள் சின்ன நகரத்தில் ஆரம்ப காலத்தில் வந்திறங்கிய தமிழ்ப் பொடியன்கள் அத்தனை பேரையும் படமெடுத்தவர் அவர். கிழமை நாட்களில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை கமராவோடு தெருவில் இறங்குவார். ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்கும் பெண் பார்க்கிற வீட்டுக்கும் படம் போகவேண்டும் அல்லவா? நல்ல கட்டடமாகப் பார்த்து, அதற்கு முன்னால் ஆளை நிறுத்துவார். கோட் இல்லாதவருக்குத் தன் மண்ணிறத் தோல் கோட்டைப் போட்டுவிடுவார். யாருடையதோ கார் நின்றால் அதிலும் சாய்த்துவிடுவார். "கார்க்காரன் வர முதல் சிரியும் காணும்!" என்று அவர் அவசரப்படுத்தியதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "சப்பாத்தும் தெரியவேணும், கூரையும் தெரியவேணும்." அரைவாசி ஆளை அனுப்பினால் காலில் ஏதும் குறையோ என்று பெண் வீட்டார் சந்தேகப்படுவார்களாம். ஆகவே பின்னால், இன்னும் பின்னால் என்று எதிர்க் கடைச் சுவரில் முதுகு முட்டும்வரை போவார். ஒருமுறை பெரிய பூந்தொட்டி ஒன்றுக்குள் போய்க் குந்திவிட்டார். குந்தியபடியே எடுத்தார். படம் நன்றாகத்தான் வந்தது.

என் மனுசனின் படமும் அப்படித்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. மூன்று மாடிக் கல்வீடு, யன்னல் தோறும் சிவப்புப் பூ, வாசலில் தோல் கோட்டோடு இவர். "பொடியன் வசதியாய் இருக்கிறான்" என்று ஐயா உடனே சம்மதித்துவிட்டார். கலியாணத்துக்கென்று நான் இங்கே வந்திறங்கிய கிழமையே அந்தக் கட்டடத்தைக் கண்டேன். பொலிஸ் நிலையம்! படத்தில் பெயர்ப்பலகையை இவருடைய உடம்பு மறைத்திருந்தது. குணம் அண்ணையை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் அசையவில்லை. "பிள்ளை, இந்த இடத்திலை வடிவான கட்டடம் அதுதானே. நான் வீடெண்டு சொன்னனானோ?" என்றார்.

பிறகு அந்தத் தெருவையே இடித்து, சுப்பர் மார்க்கெட்டும் வாகனத் தரிப்பிடமும் கட்டினார்கள். அண்மையில் நகரசபை பழைய தெருக்களுக்கு ஒரு படக் கண்காட்சி வைக்கப் புறப்பட்டது. ஊர்க்காரர்கள் மலையை எடுத்திருந்தார்கள், ஏரியை எடுத்திருந்தார்கள். அந்தத் தெருவைத் தரையிலிருந்து கூரை வரை எடுத்து வைத்திருந்தவர் குணம் அண்ணைதான்.

என் மனுசன் இறந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. அவருடைய படமும் இருந்ததால் அண்ணை என்னையும் நகரசபைக்குக் கூட்டிப்போனார். பொறுப்பான பெண் படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாவற்றிலும் நிற்பது ஒரே ஆளா?" என்று கேட்டாள். "கோட் ஒன்றுதான், ஆட்கள் வேறு" என்றார் அண்ணை. பிறகு அவள் ஒரு படத்தைக் கணினியில் ஏற்றி, கொஞ்சம் தட்டிவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். பொலிஸ் நிலையம் பளிச்சென்று நின்றது. கதவு தெரிந்தது, பூ தெரிந்தது. மறைந்திருந்த பலகையைக்கூடக் கணினி தானாகவே எழுதி வைத்திருந்தது. என் மனுசன் மட்டும் இல்லை. ஆட்களை அழித்தால் கட்டடம் தெளிவாக இருக்கிறது, சம்மதம்தானே என்று இனிமையாகக் கேட்டாள். எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அலுவலகம் என்றால் நாங்கள் 'யா, யா' என்று தலையாட்டியே விசா புதுப்பித்த கூட்டம். என் தலை தானாக ஆடத் தொடங்கிவிட்டது.

"நைன்" என்றார் குணம் அண்ணை.

எங்களில் ஒருவர் அந்த அலுவலகத்தில் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அவள் மறுபடி விளக்கினாள். அவர் மறுபடி "நைன்" என்றார். படப் பெட்டியை மூடித் தூக்கினார். "வெறும் கட்டடத்துக்குப் பிலிம் செலவழிக்க நான் என்ன விசரனே?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளிடம் தன் குசினி ஜேர்மன் மொழியில், "ஆள் நின்றால் படம் தருவேன். கீழே பெயரும் போடவேண்டும்" என்றார். அவர் வாசலைத் தாண்ட முதல் அவள் சம்மதித்துவிட்டாள். வேறு என்ன செய்வாள், அவர்களுடைய தெரு எங்கள் பெட்டிக்குள் அல்லவா இருந்தது!

திறப்பு நாளன்று என் மனுசனின் படத்துக்கு முன்னால் ஒரு சுவிஸ் அம்மா வெகுநேரம் நின்றாள். "பொலிஸ் பிடிக்கும் அளவுக்கு இவர் என்ன குற்றம் செய்தார்?" என்று மெல்லக் கேட்டாள். "என்னைக் கட்டினார்" என்றேன். சொல்லிவிட்டு ஒரு மூலையில் போய் நின்று ஆசை தீர அழுதேன். குணம் அண்ணை வந்து தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் தந்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவருடைய இறுதிக்கிரியை. வேலையிடத்தில் விடுப்புக் கேட்டேன். சொந்தக்காரரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் வேலைக்கு வரலாம்தானே என்றார் மேற்பார்வையாளர். தலை வழக்கம்போல ஆடப் பார்த்தது. நிறுத்தினேன். குணம் அண்ணையிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான்.

"நைன்" என்றேன், அண்ணை. நான் வருகிறேன்.