கணவாய் உச்சியில் அணைத்த இஞ்சின்

சிவப்புத் துணிப் பூவைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் குமட்டும். காரணம் நிங் காய்யூனுக்கு நடந்தது.

சீனாவில், குய்சோ மலைப் பாதையில் உப்பு லாரி ஓட்டிய காலம். கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்து, விடுதலை வந்து சில வருஷங்கள்தான். பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் டிரைவருக்கு மார்பில் சிவப்புப் பூ குத்துவார்கள். எங்கிருந்து மிச்சம் வரும்? இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் போட்டு, இஞ்சினை அணைத்து, வண்டியைச் சும்மா உருளவிட வேண்டும். டிப்போவே அப்படித்தான் உருண்டது.

நிங் மட்டும் மாட்டேன் என்றான். "மலையில வண்டியைப் பிடிக்கிறது இஞ்சின்தாண்டா. வெறும் பிரேக்கை நம்பச் சொல்றானுங்க, மடப்பசங்க!" ஸ்டீயரிங்கைத் தவிர வேறு பிழைப்பு தெரியாதவன் அவன்.

கூட்டத்தில் கட்சி அதிகாரி கூ எழுந்தார். வண்டி ஓட்டத் தெரியாது, வாய் மட்டும் ஓடும்.

"தோழர் நிங், மக்களோட பெட்ரோலை இப்படிக் குடிக்கிறீங்களே!"

"குடிக்கிறது வண்டி, தோழர். நான் மிளகாயும் சோறும்தான் திங்கிறேன்."

எல்லோரும் சிரித்தோம். கூ சிரிக்கவில்லை.

மறுநாள் அவரே நிங் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டியில் உப்பு ஏகத்துக்கு ஏற்றியிருந்தது. நான் பின்னால் என் லாரியில். கணவாய் உச்சியில் இருவரும் நிறுத்தினோம். நான் இறங்கி அவன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூவின் குரல் கேட்டது.

"கியரை எடு. இல்லேன்னா இன்னையோட ஸ்டீயரிங்கை மறந்துடு."

நிங் எடுத்தான். சுவிட்சைக் கூவே அணைத்தார்.

வளைவுகளில் பிரேக் கருகும் நாற்றம் என் வண்டி வரைக்கும் அடித்தது. பிரேக் பிடிக்காமல் போகவே நிங், தான் உட்கார்ந்திருந்த பக்கத்தையே பாறையில் மோதவிட்டு லாரியை நிறுத்தினான். அவன் இடது கை நசுங்கிப் போனது. கூவுக்குக் கீறல்கூட இல்லை.

விசாரணையில் கூ வாய் கூசாமல் சொன்னார்: "அவனேதான் அணைச்சான். நான் வேணாம்னேன்."

நான் பார்த்ததைச் சொன்னேன். டிரைவருக்கு டிரைவர் முட்டுக்கொடுக்கிறான் என்று என்னை உட்காரவைத்தார்கள். நிங்கின் லைசென்சைப் பிடுங்கி, வண்டி கழுவ விட்டார்கள். ஒற்றைக் கையால் கழுவுவான். யார் வண்டியைக் கிளப்பினாலும் தலையைத் தூக்கி இஞ்சின் சத்தத்தைக் கேட்பான்.

கூவுக்கு மாகாணத் தலைநகரில் பதவி உயர்வு கிடைத்தது. கொண்டுபோய் விடும் வேலை என் தலையில் விழுந்தது. மார்பில் சிவப்புப் பூவோடு ஏறினார். கணவாய் உச்சியில், டிப்போ வழக்கப்படி சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். கூ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"அணைக்காதீங்க, தோழர். இஞ்சின் ஓடட்டும்."

ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினேன்.