குடை யார் கையில் இருந்தது?

திரைப்படத்தில் ‘தொடர்ச்சி’ பார்ப்பது என்பது, அடுத்தவருடைய முந்தானை எந்தத் தோளில் எத்தனை மடிப்போடு கிடந்தது என்பதை அவரைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கும் தொழில். கதையின் காட்சிகள் கதை வரிசையில் படமாவதில்லை. வாசலில் நுழைவதை இன்றும், உள்ளே வந்து உட்காருவதைப் பத்து நாள் கழித்தும் எடுப்பார்கள். நுழையும்போது இடக்கையில் இருந்த பை, உட்காரும்போது வலக்கைக்கு மாறிவிடாமல் காப்பதற்கென்று ஒருவர் நோட்டும் பேனாவுமாக நிற்க வேண்டும். விடைத்தாள் திருத்தியவர்களும், அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர்களும், பெரிய குடும்பத்துக் கல்யாணத்தில் சீர்த்தட்டு எண்ணியவர்களும் இந்த வேதனையை உடனே புரிந்துகொள்வீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் நாம் ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. தவறினாலோ நம்மைத் தவிர வேறு எவரும் கண்ணில் படமாட்டார்கள்.

கோவையில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த நான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையின் இருபத்தெட்டு நாளை இந்த வேலையில் கழித்தேன். என் பழைய மாணவி நிர்மலா ஒரு சிறிய படம் இயக்கினாள். கதாநாயகன் இல்லை, பாட்டு இல்லை. தனியாக வாழும் முதியவள் ஒருத்தியின் வீட்டுக்கு இளம்பெண் ஒருத்தி வாடகைக்கு வருகிறாள். முதலில் இருவருக்கும் ஆகவில்லை. பிறகு ஒருவரை விட்டு ஒருவரால் இருக்க முடியவில்லை. கடைசியில் வேலை மாற்றலாகி இளையவள் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை. இதற்கு நான் எதற்கு என்று கேட்டேன். நிர்மலா சொன்னாள்: “உங்க சிவப்பு மையைப் பாத்து நாலு வருஷம் பயந்திருக்கேன் மிஸ். அந்தப் பயம் என் யூனிட்டுக்கும் வேணும்.”

முதல் நாளே பிரிவு

தொண்டாமுத்தூருக்கு அப்பால், மலை கைக்கெட்டுவதுபோல் நிற்கும் ஓர் ஊரில் படப்பிடிப்பு. தனியார் பேருந்து முதலாளி ஒருவர் தம் பேருந்தை இரண்டே நாள்தான் தர இசைந்தார்: முதல் நாளும் கடைசி நாளும். கதையின் முதல் சந்திப்பும் இறுதிப் பிரிவும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நடப்பவை. வந்த சேலையிலேயே, வந்த பெட்டியோடே அவள் போக வேண்டும் என்பது நிர்மலாவின் எண்ணம். போகும்போது ஒன்றுதான் கூடியிருக்கும். முதியவள் யாரையும் தொடவிடாத கறுப்புக் குடை அப்போது இளையவளின் கையில் இருக்கும். ஒரு வசனமும் இல்லாமல் அந்தக் குடையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஆனால் முதல் நாள் எடுத்ததோ பிரிவுக் காட்சி. முதியவளாக நடித்த மாராத்தாள், நூற்பாலையில் நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர். இளையவளாக நடித்த ஜரீனா, உக்கடத்தில் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்த இருபத்திரண்டு வயதுப் பெண். இருவரும் அதற்கு முன் கேமராவைப் பார்த்ததில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தே ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பவர்களைப்போல் முகம் திருப்பி நின்றார்கள். நான்கு முறை எடுத்தும் பயனில்லை. “பிரியறப்ப ஒரு துளி வருத்தமாவது வேணாமாம்மா?” என்று நிர்மலா கெஞ்சினாள். மாராத்தாள் நிதானமாகச் சொன்னார்: “பேருகூட இன்னுங் கேக்கலீங்க. அதுக்குள்ள எப்படிங்க அழுகறது?”

நோட்டில் ஒரு வரி

அன்று மாலை குறிப்புகளை ஒழுங்குபடுத்தியபோதுதான் என் கை நின்றது. படக் கம்பெனி வாங்கிய குடை புதிதாகப் பளபளத்ததால், மாராத்தாள் தம் வீட்டுக் குடையையே கொண்டுவந்திருந்தார். அதைக் காலையில் நானேதான் ஜரீனாவின் கையில் கொடுத்தேன். ஆனால் மடிப்புக்காக நான் வரைந்து வைத்த நான்கு படங்களிலும் அது மாராத்தாளின் கக்கத்தில்தான் இருந்தது. அவருடைய முந்தானையின் மடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்த நான் குடையைப் பார்க்கத் தவறிவிட்டேன். முகங்களில் வருத்தத்தைத் தேடிக்கொண்டிருந்த நிர்மலாவும் கவனிக்கவில்லை.

நோட்டில் உள்ளது உள்ளபடி எழுதினேன்: ‘குடை: மாராத்தாளிடம். இருக்க வேண்டியது: ஜரீனாவிடம். பிழை என்னுடையது.’ எழுதத் தெரிந்த எனக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. படச்சுருள்கள் எல்லாம் முடிந்த பிறகே சென்னைக்குக் கழுவப் போகும். அதுவரை இது வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. பேருந்தோ கடைசி நாள்தான் மறுபடி வரும். அன்றும் முதல் சந்திப்பை எடுப்பதற்கே நேரம் இருக்கும். மறுநாள் காலை நிர்மலா, “எல்லாம் சரிதானே மிஸ்?” என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் நகர்ந்தாள்: “நீங்க இருக்கையில எனக்கென்ன கவலை!”

வெளுத்த சேலை

அடுப்படிக் காட்சி மூன்று நாள் நீண்டது. மாராத்தாளின் கட்டம்போட்ட சேலையில் முழங்காலுக்கு மேலே உள்ளங்கையளவு கரிக்கறை, ஓரத்தில் மஞ்சள். படம் வரைந்து வைத்திருந்தேன். இரண்டாம் நாள் அவர் அதே சேலையில் வந்து நின்றார். சோப்புப் போட்டு அலசி, நீலம் முக்கி, கஞ்சி போட்டுக் காய்ந்த சேலை மொடமொடத்தது.

நான் கடிந்துகொண்டதில் அவர் முகம் சுருங்கியது. என் நோட்டிலிருந்த படத்தை வைத்துக்கொண்டு, ஜரீனாதான் தரையில் உட்கார்ந்து அடுப்புக்கரியால் அந்தக் கறையை மறுபடி வரைந்தாள். “இன்னும் கொஞ்சம் மேலங்க ஆத்தா, ஆடாம நில்லுங்க, கூச்சமா இருந்தா அந்தப் பக்கம் பாருங்க” என்று அவள் சொல்லச் சொல்ல, மாராத்தாள் சிரிப்பை அடக்கமாட்டாமல் நெளிந்தார். அந்த ஊரில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல்முறை. கறை முடிந்ததும் மாராத்தாள் என்னிடம் வந்து, தம் வழக்கை முடித்தார்: “நாளைக்குப் படம் ஓடுனா எங்க மில்லுக்காரிக எல்லாம் வருவாளுகளே டீச்சரம்மா, முப்பது வருசம் மானமா இருந்தவ அழுக்குச் சேலையோட நின்னா என்னை என்னன்னு பேசுவாளுக?”

ஒன்பது வாழை

சேலை வெளுத்த நாளிலிருந்து, எதையும் மாற்றமாட்டோம் என்று யூனிட்டில் எல்லோரிடமும் நோட்டில் கையெழுத்து வாங்கிவந்தேன். வீட்டின் பின்கட்டில் ஒன்பது வாழை, இரண்டில் தார். காட்சி பாதி முடிந்திருந்தது. மறுநாள் காலை போனால் மூன்றுதான் நின்றன. மலையிலிருந்து இறங்கிய யானை மற்றவற்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. கேமராவை எங்கே வைப்பதென்று நிர்மலா தவிக்க, நான் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாராத்தாள் ஜரீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “ஏனுங்க டீச்சர், அதுகிட்டயும் நோட்டுல கையெழுத்து வாங்கிப்போட்டீங்களா?”

இடுப்பில் ஒரு ஜோக்கர்

மாராத்தாளுக்கு எழுத்து தெரியாது. விளக்கு பொருத்தும் இடைவேளையில் ஜரீனா வசனத்தை வாசித்துக் காட்டுவாள். மனப்பாடமானதும் இருவரும் ரம்மி ஆடுவார்கள். ஆட்டம் மாராத்தாள் மில்லில் கற்றது. வாரக்கணக்கில் அவரே வென்றுகொண்டிருந்தார். “ஆத்தாகிட்ட ஏதோ மந்திரம் இருக்குதுங்க மிஸ்” என்று ஜரீனா வியப்பாள்.

ஒருநாள் காட்சிக்கு முன் சேலை மடிப்பைச் சரிபார்த்தபோது, மாராத்தாளின் இடுப்புச் செருகலில் ஒரு சீட்டு எட்டிப் பார்த்தது. கடமை தவறாமல் சுட்டிக்காட்டினேன். எடுத்தால் ஜோக்கர். ஜரீனா கொதித்துவிட்டாள். “இத்தன நாளும் கள்ளாட்டமா? வயசுக்கு இது நல்லாருக்குதுங்களா? இனி உங்களோட சீட்டுத் தொடமாட்டேன்!” என்றாள். மாராத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ தோத்தாத்தான கண்ணு இன்னொரு ஆட்டம்னு உக்காருவ? ஜெயிச்சா எந்திரிச்சுப் போயிருவியே.”

குடை கைமாறியது

இருபதாம் நாள், வீட்டுக்குள் முதியவள் குடையைக் கொடுக்கும் காட்சி. ஒரே முறையில் முடிந்தது. மாராத்தாள் குடையை நீட்டினார். ஜரீனா வாங்கப் போனபோது சட்டென்று திரும்ப இழுத்து, விரித்து, ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொட்டுப் பார்த்து, மடக்கி, பிறகு கொடுத்தார். கதையில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஒளிப்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இனியும் மறைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். நிறுத்தத்துக்குப் போகும் அவள் கையில் குடை இல்லாவிட்டால் இந்தக் காட்சிக்கே பொருளில்லை. நோட்டோடு நிர்மலாவை நெருங்கி, “உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்று தொடங்கினேன். அவள் என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் கலங்கியிருந்தன. “முதல் நாள் முகமெல்லாம் மரமா இருந்துச்சேன்னு தூங்காம கெடந்தேன் மிஸ். பரவால்ல. அந்தக் குடை அவ கையில இருக்குல்ல, அது போதும், அதுதான் படமே.”

அரைச் சுருள்

கடைசி நாள். பேருந்து இரண்டு மணி நேரம் நிற்கும். ஒரே சுருள்தான் மீதி. எடுக்க வேண்டியது முதல் சந்திப்பு. பேருந்திலிருந்து இறங்கும் ஜரீனா வழி கேட்க, மாராத்தாள் முன்பின் அறியாதவர்போல் வெடுக்கென்று பதில் சொல்ல வேண்டும். முதல் முறை, பேருந்து வளைவில் தெரிந்ததுமே மாராத்தாள் சிரித்துவிட்டார். இரண்டாம் முறை, ஜரீனா இறங்கியவுடன் தன்னை மறந்து அவருடைய முழங்கையைப் பிடித்து நிழலுக்கு நகர்த்தினாள். மூன்றாம் முறை மாராத்தாள் கையெடுத்துக் கும்பிட்டார். “இவளத் தெரியாதுங்கற மாதிரி பாக்க எனக்கு வரமாட்டேங்குதுங்க சாமி.” பாதிச் சுருள் போய்விட்டது. நிர்மலா மைல்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முதல் சந்திப்பு இல்லாமல் படம் இல்லை.

அப்போது, இனி மறைத்து ஆவதென்ன என்று நான் நோட்டைத் திறந்து, முதல் நாள் எழுதிய அந்த வரியை எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தேன். ‘பிழை என்னுடையது’ என்பதை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். நிர்மலா எழுந்து வந்து நோட்டை வாங்கி ஒரு முறை படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “குடை கிழவிகிட்ட. ரெண்டு பேரும் முகம் திருப்பி நிக்கறாங்க. சேலை?” “அதே சேலைகள், அதே பெட்டி” என்றேன். “வீட்டுக்குள்ள முதல் வசனம்?” நான் பக்கத்தைப் புரட்டினேன்: ‘ஸ்டாப்புல நின்ன புள்ளதான நீ?’

முதல் நாள் எடுத்தது பிரிவே அன்று. பேருந்து வருவதற்கு முன்பே காட்சியை வெட்டிவிட்டால் அதுவே முதல் சந்திப்பு. ஒரே நிறுத்தத்தில், ஒருவர் வீட்டுக்குத்தான் மற்றவர் போகிறார் என்று அறியாமல் நிற்கும் இரண்டு அந்நியர். மீதி அரைச் சுருளில் பிரிவை எடுக்க ஓடினோம். குடையை ஜரீனாவிடம் கொடுத்துவிட்டு, இம்முறை அதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. பேருந்து நகர்ந்தது. மாராத்தாள் கதையில் இல்லாதபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி கூடவே நடந்து, “எறங்குனதும் விரிச்சுப் புடி கண்ணு, வெயிலு சுள்ளுனு இருக்குது” என்றார். ஜரீனா முகத்தைக் குடைத்துணியில் புதைத்துக்கொண்டாள். ‘கட்’ என்று யாரும் சொல்லவில்லை. சுருள்தான் தீர்ந்து நின்றது.

எல்லாம் கட்டி ஏற்றியபின் மாராத்தாளிடம் போய், முதல் நாள் என் கவனக்குறைவால் நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “உங்க தப்பு என்னங்க இருக்குது? நீங்க அந்தப் புள்ள கையிலதான் குடுத்தீங்க. நான்தானுங்க புடுங்கிக்கிட்டேன். அன்னிக்கு அவ யாரோ. என்ற குடைய யாரோ ஒருத்திகிட்ட எப்படிங்க உட்டுப்போட்டு நிக்கறது?”

இருபத்தெட்டு நாள் நெஞ்சில் சுமந்த என் ஒரே பிழையும் என்னுடையதில்லை என்று ஆனபின், இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிவப்பு மையில் நான் சுழித்தவற்றுள் எத்தனை உண்மையில் பிழைகள் என்று எண்ணிப் பார்க்கும் துணிவு மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.