அச்சைத் திருப்பி அனுப்பும் அக்கா

என் அக்காவுக்குத் தொழில் பல் செய்வது. டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதை வைத்து அக்கா பல்லின் மேல் மாட்டும் கேப் செய்து கொடுப்பாள். பதினாறு வருடம் ஒரு பெரிய லேப்பின் பின்னறையில் இருந்தாள். அவள் ஒரு டாக்டரின் முகத்தையும் பார்த்ததில்லை, அவள் முகத்தையும் எந்த டாக்டரும் பார்த்ததில்லை. லேப் கைமாறியதும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பல் சுடும் பழைய அடுப்பு ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்தாள்.

"மூணு மாசம் பாக்கறேன். ரெண்டு டாக்டராவது கிடைக்கலன்னா இத வித்துட்டு துணிக்கடைல நிக்கப் போறேன்," என்றாள். அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் அல்ல.

நான் இன்சூரன்ஸ் விற்கிறவன். ஆள் பிடிப்பதெல்லாம் எனக்குக் கைவந்த கலை என்று நினைப்பு. இணையத்தில் அவள் பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, ஒரே மதியத்தில் இருநூறு பல் டாக்டர்களுக்கு ஒரே செய்தியை அனுப்பினேன்: 'உங்கள் பணியை நெடுநாளாக வியந்து வருகிறேன்.' ஏழு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். அச்சு யாரும் அனுப்பவில்லை. இரண்டு மாதம் ஓடிவிட்டது.

பல் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. நூறு கார்டு அடித்து அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். "எல்லார்ட்டயும் குடு, சிரி," என்றேன். அவள் காபி மேசைக்குப் பக்கத்தில் தூணோடு தூணாக நின்றாள். சிரிக்கச் சொன்னால் பல்வலிக்காரி மாதிரி ஆகிவிடுகிறது முகம்.

வழுக்கைத் தலை டாக்டர் ஒருவர் கார்டை வாங்கினார். அதில் போன் நம்பர் தப்பு. அடித்தது நான்தான், வேறு யார்? அக்கா பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து, தப்பு நம்பரை அடித்துவிட்டு, சரியானதை எழுதி 'இதுதான் சரி' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் கார்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பச்சை எழுத்து... 'பல்லோட ஓரம் தெரியல, திரும்ப எடுங்க'ன்னு சீட்டு வெச்சு அச்சைத் திருப்பி அனுப்பறது நீங்கதானா?"

"ஆமா சார். உங்களுது நிறைய தடவை."



"பாத்தாலே பத்திக்கிட்டு வரும்மா. ஆனா அந்தச் சீட்டு நின்னதுலேர்ந்து நாலு கேப் பல்லுல சரியா உக்காரல. இப்ப லேப்ல எதை அனுப்பினாலும் செஞ்சு குடுத்துடறாங்க." கார்டில் இருந்த பெயரைப் படித்தார். "என் பணியை வியக்கறதா ஒரு செய்தி வந்துதே, அதுவும் நீங்களா?"

"இல்ல சார், இவன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்த இணையப் பக்கத்தில் நான் எழுதியிருந்ததை எல்லாம் அழித்தாள். 'பல் செய்கிறேன். அச்சு சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவேன்' என்று மட்டும் போட்டாள். திறக்கும் முன்னே கடையைப் பூட்டுகிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுவாரம் அந்த வழுக்கைத் தலை டாக்டரிடமிருந்து முதல் அச்சு வந்தது. அக்கா விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சைப் பேனாவைத் தேடினாள்.

"அக்கா, முதல் வேலை. இந்த ஒரு தடவை கண்டுக்காம செஞ்சு குடுத்துடேன். வேணும்னா உன் கால்ல விழறேன்."

"கேப் உன் வாயிலயாடா போகப்போகுது? யாரோ ஒருத்தர் அத வெச்சு சாப்பிடணும்."

அனுப்பியே விட்டாள். மூன்று நாள் சத்தமே இல்லை. கெடு முடிய இன்னும் ஒன்பது நாள். அடுப்பை வாங்க ஆள் உண்டா என்று போனில் யாரையோ விசாரித்தாள், குரல் உடைந்திருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

நாலாம் நாள் ஒரு பெட்டி வந்தது. உள்ளே திரும்ப எடுத்த அச்சு, கூடவே வேறு இரண்டு. அக்காவின் சீட்டையே திருப்பிப் போட்டு டாக்டர் எழுதியிருந்தார்: 'இப்போது பாருங்கள். மற்ற இரண்டும் என் நண்பருடையவை. உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு அவரும் திட்டு வாங்கத் தயாராக இருக்கிறார்.'

அக்கா சீட்டை இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று அச்சையும் விளக்கடியில் பார்த்தாள். நண்பருடையதில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

பச்சைப் பேனாவை நானே எடுத்துக் கொடுத்தேன்.