பால்மா டின்னில் இருந்த மண்

எங்கள் வீட்டில் நாய் இல்லை. யார் கேட்டாலும் வாப்பா, உம்மா, நான் மூவரும் ஒரே குரலில் இதைத்தான் சொல்லுவோம். எட்டு வருடமாகக் குசினிக்குப் பின்னால் மாமரத்தடியில் கிடந்தது வயலுடைய நாய். குட்டியாகக் கொண்டுவந்த அன்றே வாப்பா சொல்லிவிட்டார்: "இது ஊட்டு நாயில்ல. வயல் காவலுக்கு. காவலுக்கு வளக்கிறதுக்கு மார்க்கத்தில தடையில்ல."

அது காவல் காத்த லட்சணத்தை என்னவென்று சொல்ல! காலையில் வாப்பாவின் லேன்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி வயலுக்குப் போகும். போய், காவல் வாடிக் குடிசையின் நிழலில் நாள் முழுக்கத் தூங்கும். மயிலைக் கண்டால் வாப்பாவின் கால்களுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். ஒருமுறை பன்றிக் கூட்டம் வரம்பை உடைத்துக்கொண்டு வந்தபோது, வாப்பா தகரத்தைத் தட்டிக் கத்த, இவர் வாடிக்குள் போய்ப் பாய்க்கு அடியில் படுத்துவிட்டார். பின்னேரம் வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் மட்டும் அபார சுறுசுறுப்பு. எஞ்சின் இயங்குமுன்பே பெட்டியில் ஏறி, பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். பெயர் வைக்கவில்லை. வைத்தால் எங்களுடையதாகிவிடுமே. உம்மா "டேய்" என்பார். நான் "இஞ்ச வா" என்பேன். எதற்கும் வரும்.

எங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். அதற்காகப் பின்வாசல் பைப்படியில் ஒரு பழைய பால்மா டின்னில் சுத்தமான மண் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வாப்பா அதை நிரப்பி வைப்பார். உம்மாவுக்குச் சட்டம் தலைகீழ்ப் பாடம்: "காஞ்ச கை, காஞ்ச நாய் எண்டா ஒண்டுமில்ல. ஈரம் பட்டாத்தான்." ஆனால் அந்த நாய் எவரையும் முதலில் நாக்கால்தான் விசாரிக்கும். நாங்கள் யாரும் அதைத் தொடுவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த விசயம். அடுத்த வியாழன் வருமுன் டின்னில் மண் பாதியாகிவிடுவதும் எல்லோருக்கும் தெரிந்த விசயம்தான்.

"மண்ண ஆரு தின்னுற?" என்று வாப்பா கேட்பார். உம்மா குசினிக்குள் நுழைவார், நான் கொடியில் உடுப்பு எடுக்கப் போவேன். அவரும் துருவிக் கேட்கமாட்டார். ஏன் கேட்கவில்லை என்பது பின்னால்தான் விளங்கியது.

இப்படி இருக்கையில் எனக்குக் கலியாணம் பேசி வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா, அதாவது என் வருங்கால மாமி, வீடு பார்க்க வந்தார். அறை பார்த்தார், குசினி பார்த்தார், என்னையும் பார்த்தார். எல்லாம் பிடித்துவிட்டது. தேநீர் குடித்து முடிக்கும்போது சொன்னார்: "மகனச் சின்ன வயசில நாய் கடிச்சது. இன்னும் ரோட்டில நாயக் கண்டா மத்தப் பக்கத்தால போவான். இஞ்ச நாய் கீய் இல்லதானே?"

"நாயா? எங்கட ஊட்ட நாயே இல்லியே!" என்றார் உம்மா.

பின்வாசலில் நாய் குரைத்தது. சாதாரணமாக அது குரைப்பதே இல்லை. வருடத்துக்கு இரண்டு தரம் குரைத்தால் பெரிய விசயம்.

"பக்கத்து ஊட்டு நாய்," என்றார் உம்மா, கண் இமைக்காமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்னவென்று அன்று நேரில் பார்த்தேன். பூசணிக்காய் அத்துடன் நிற்காமல், உம்மாவின் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு நடு வீட்டுக்கு வந்து மாமியின் காலடியில் வைத்தது. மாமி கதிரையில் ஏறி நின்றார்.

கலியாணம் நிற்கவில்லை. நாய்தான் போகவேண்டும் என்று ஆனது.

வயலில் எங்கள் அடுத்த வரம்புக்காரர் தம்பிலுவில் ஊர் ஆள். போகம் முழுக்கத் தன் வாடியிலேயே தங்குபவர். அறுவடை முடியும்வரை என்னோடு வாடியில் இருக்கட்டும், பிறகு தம்பிலுவிலுக்கே கூட்டிக்கொண்டு போய் வளர்க்கிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். நல்ல மனிதர், அவர் வீட்டில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்கு அதைவிட நல்ல இடம் தேடியிருக்க முடியாது. அப்படியிருந்தும் அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நாய் போகவேண்டிய நாளும் எனக்கு மருதோண்டி போட்ட நாளும் ஒன்றாகிவிட்டன. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மூக்கைச் சொறியக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியில் வாப்பா லேன்ட்மாஸ்டரைத் தயார்ப்படுத்தும் சத்தம் கேட்டதும் பொறுக்கவில்லை. பின்வாசலுக்கு ஓடினேன்.

நாயால் எழும்பவே முடியவில்லை. வயிறு பானையாக ஊதியிருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய எலும்பு கிடந்தது, உம்மா இறைச்சிக் கறிக்கென்று எடுத்துவைத்த எலும்பு. ஓர் ஓரத்தில் ஈரல் சுற்றிய கடதாசி. ஈரல் வீட்டில் வாங்கவே இல்லை. கடைத்தெருவுக்குப் போய்வந்தவர் வாப்பா மட்டும்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் குனிந்து, "போயிட்டு வா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது தலையைத் தூக்கி என் வலது உள்ளங்கையை மேலிருந்து கீழ்வரை ஒரே நக்காக நக்கியது.

"அடி அல்லாவே! மருதோண்டி!" என்று உம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் என் கையைப் பார்த்தார், நாயின் வாயைப் பார்த்தார். அது வெற்றிலை போட்டவர்போல் வாய் சிவந்து கிடந்தது. உம்மா ஒரு கணம் யோசித்தார். மருதோண்டியா, மார்க்கமா? "கழுவு!" என்றார். நான் டின்னை எடுத்தேன்.

டின்னில் மண் இல்லை. ஒரு சிட்டிகைகூட இல்லை. முதல்நாள் வெள்ளிக்கிழமை, வாப்பா விளிம்புவரை நிரப்பி வைத்த டின்.

உம்மாவின் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. சத்தம் கேட்டு வந்த வாப்பாவின் சாரனிலும் ஈரம், விரல் இடுக்கில் செம்மண். மூவரும் வெறும் டின்னைப் பார்த்தோம். முதலில் சிரித்தது வாப்பாதான். பிறகு உம்மா பைப்படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீர் வந்தது, அந்தக் கண்ணீர் நிற்கவில்லை. வாப்பா மாமரத்தடியில் மண் கிளறிக்கொண்டு வந்து என் கையைக் கழுவிவிட்டார். ஏழையும் மூவரும் சேர்ந்து எண்ணினோம்.

நாயை வாப்பா தூக்கித்தான் பெட்டியில் வைத்தார், அவ்வளவு பாரம். அது வழமைபோலப் பின்பக்கம் பார்த்து, சிவந்த நாக்கைத் தொங்கவிட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டே போனது. வயலுக்குப் போய்ப் பின்னேரம் திரும்பிவரப் போகிறோம் என்றுதான் நினைத்திருக்கும். அதை நினைத்துத்தான் நான் அழுதேன். தெருமுனை திரும்பும்போது உம்மா, "கவனமாப் போ!" என்று கூப்பிட்டுச் சொன்னார். வாப்பாவை உம்மா ஒருநாளும் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

கலியாணத்தன்று என் இடக்கை இரத்தச் சிவப்பு, வலக்கை வெளிறின தோடம்பழ ஆரஞ்சு நிறம். வந்த பெண்களுக்கு அது போதாதா? "ஒத்தக் கைதான் சிவந்திரிக்கி, மாப்புளக்கிப் பாதி அன்புதான்கா!" மாப்பிள்ளையும் தனிமையில் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. டின்வரை முழுக் கதையையும் சொன்னேன். பயந்த மனிதர், கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டார். சிரித்தார். பிறகு காலைக் கீழே இறக்கி, "எனக்காகவா அனுப்பின?" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் டின் நிரம்புவதும் நிற்கவில்லை, மண் குறைவதும் நிற்கவில்லை. வயலுக்குப் போய்வருபவர் ஒருவர்தான். உம்மாவும் நானும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அறுவடை முடிந்த நாளன்று, நெல் மூட்டை ஏற்ற என் மாப்பிள்ளையும் வாப்பாவோடு போனார். பின்னேரம் இருவரும் திரும்பியபோது வாப்பா யாரையும் பார்க்காமல் தொழுகைக்கு ஒளுச் செய்யப் போய்விட்டார். மாப்பிள்ளை நேராகப் பைப்படிக்கு வந்தார். இரண்டு கையையும் உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்திருந்தார்.

"ஊட்ட வர வெளிக்கிடக்குள்ள அது ஓடிவந்து பெட்டில ஏறிற்று," என்றார். "மூட்டைக்கு மேல பின்பக்கம் பாத்து இருந்திச்சு. அந்தத் தம்பிலுவில் ஆள் கூப்பிட்டும் எறங்கல்ல. மாமாக்கு எறக்க ஏலல்ல, வரம்பில போய் அங்கால பாத்துக்கு நிண்டாரு. அப்ப... நான்தான் தூக்கி எறக்கின."

"கடிச்சதா?"

"இல்ல. மொகத்த நக்கிற்று."

டின்னை எடுத்து மண்ணைக் கரைத்தேன். முகத்திலிருந்து தொடங்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணித் தண்ணீர் வார்த்தேன். ஏழாவது முடிந்த பிறகும் அவர் முகத்தைக் காட்டாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தபடியே நின்றார். எட்டாவது தரமும் வார்த்தேன்.